எல்லாருக்கும் ஒரே குரல்

சிரஞ்சீவிக்கு,

இவ்விடம் சாரல் இறங்கிவிட்டது. உன் தாய் சுகமாக இருக்கிறாள். நான் சுகமாக இல்லை; உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்த நாள் முதலாக நான் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகிறேன், கட்சிக்காரர்களோடு பேசுகிறேன், வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன். இவையெல்லாம் எங்கோ தள்ளி, மலைக்கு அப்பால் வேறு யாரோ செய்வதுபோல நடந்துகொண்டிருக்கின்றன. இந்த மாதத்தில் தென்காசியே அப்படித்தான் ஆகிவிடும் என்பது உனக்குத் தெரியும். காலையில் ஜன்னலைத் திறந்தால் மலை இருப்பதில்லை. மொட்டைக் கோபுர வாசலில் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழுகின்றன. நனைகிறோமா காய்கிறோமா என்று தெருவில் நிற்கும் மாட்டுக்குக்கூடத் தெரிவதில்லை. இந்த மயக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் என் கோபம் கொஞ்சம் கரையும் என்று உன் தாய் நம்புகிறாள். "பிள்ளைக்கு எழுதுதப்போ கொஞ்சம் தண்மையா எழுதுங்க" என்று சொல்லிக் காப்பியை வைத்துவிட்டுப் போனாள். தண்மையாகத்தான் எழுதுகிறேன். பனிக்கட்டியைவிடத் தண்மையானது எதுவும் இல்லை.

உன் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். நீ வாத்தியாராக இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரை, தம் ஊரைப் பார்க்கக் கப்பலேறுகிறார். ஆகையால் இந்த ஆவணியில் நடக்கும் நுழைவுப் பரீட்சைக்கு இங்கிலீஷ் டிக்டேஷனை வாசிக்கும் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். துரை வாசிப்பது போலவே வாசித்துப் பழகியிருக்கிறாய். சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த பையன்கள் துரைதான் வாசிக்கிறார் என்று எண்ணி எழுந்து நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். மழைக்கால விடுமுறைக்கு இங்கே வந்து, ஐந்தருவிச் சாலையில் இருக்கும் நம் வீட்டில் தங்கி, சீசனுக்காகக் குற்றாலத்தில் பங்களா எடுத்திருக்கும் குடும்பங்களின் பையன்களுக்குக் காலை வேளைகளில் டிக்டேஷன் வாசித்துக் காட்டப் போவதாகவும், வீட்டைச் சுத்தம் செய்து வைக்கும்படியும் கேட்டிருக்கிறாய். கடைசியில் ஒரு வாக்கியம். "எல்லாருக்கும் ஒரே குரல், ஒரே பக்கம், ஒரே நேரம், இதைவிட நியாயமான பரீட்சையை யாரும் கண்டுபிடிக்க முடியாது, அப்பா."

வீடு இல்லை. வாடகைக்கு விட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். விடவில்லை. பூட்டித்தான் கிடக்கிறது. உனக்கு இல்லை.

இந்தக் கடிதத்தின் ஒரு படியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். அதில் உன் பெயரோ என் பெயரோ பள்ளியின் பெயரோ இல்லை. ஆகையால் உனக்கு அவமானம் எதுவும் நேராது. நமக்குள் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய விஷயமாக இருந்தால் அப்படியே செய்திருப்பேன். ஆனால் இதே கடிதத்தைத் தம் பிள்ளைகளுக்கு எழுதவேண்டிய தகப்பன்மார் இந்த ஜில்லாவில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரமில்லை. எனக்கு இன்று கோர்ட்டு இல்லை.

நம்மை அறியாதவர்கள் படிப்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். அந்தப் பள்ளி ஆண்டுக்குச் சில பையன்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால் சாப்பாடும் துணியும் புத்தகமும் பள்ளியின் செலவு. உள்ளே போனவன் வெளியே வரும்போது ஏதாவது ஓர் உத்தியோகத்தின் வாசற்படியில் நிற்பான். ஏழைப் பையன்களுக்காகவே ஏற்பட்ட இடங்கள் என்று அறிக்கையில் எழுதியிருக்கும். நம் பக்கத்துப் பையன்களுக்குப் பரீட்சை தென்காசியில் நடக்கும். காலையில் டிக்டேஷன். நடுப்பகலில் வராந்தாவில் நின்று சேவகன் பெயர்களை வாசிப்பான். பெயர் வந்தவர்கள் மட்டும் பிற்பகலில் கணக்குப் பரீட்சைக்கு உட்காரலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தாள் திருத்தும் வேலை மிச்சமாகும் என்று நினைத்திருப்பார்கள்.

நீ அதை எழுதிய ஆண்டில் உன்னோடு மீரானும் எழுதினான். நீ அவனை மறந்திருக்க மாட்டாய். ஆனால் உன் வாக்கியத்தை எழுதும்போது அவன் நினைவு உனக்கு வரவில்லை. அவன் கடையநல்லூரில் கைத்தறி போட்டிருந்த ஒருவரின் மகன். தென்காசியில் தாய்மாமன் வீட்டில் தங்கி, போர்டு பள்ளியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். சாயங்காலங்களில் நம் வீட்டு முற்றத்தில் நீங்கள் இரண்டு பேரும் கணக்குப் போடுவதை நான் உள்ளே வழக்குக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். "ஏலே, தொட்டி நிறையுத கணக்குக்கு ஒனக்கு மட்டும் எப்படிலே விடை வருது?" என்று நீ கேட்பாய். "தொட்டி நெறஞ்சாத் தன்னால வரும். நீ அடியில ஒழுகுத ஓட்டைய மறந்துட்டு ஊத்திக்கிட்டே இருக்க" என்பான் அவன். நீ அழுவாய். அவன் உன் பலகையை வாங்கி, எச்சில் தொட்டு அழித்துவிட்டு, மறுபடி போட்டுக் காட்டுவான். கணக்கில் அவன் அளவுக்கு நீ ஒருநாளும் வந்ததில்லை. இதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இங்கிலீஷிலும் அவன் உனக்குக் குறைந்தவன் அல்ல. புத்தகத்தைக் கொடுத்தால் படிப்பான். சொன்ன சொல்லை எழுதுவான். ஆனால் சொல்கிறவர் யார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அதை நான் அறிந்திருந்தேன். அறிந்த விதத்தை உனக்கு இதுவரை சொன்னதில்லை. நான் பி.ஏ. படிக்கச் சென்னைக்குப் போனபோது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் எங்களுக்குச் சரித்திரம் நடத்தினார். பெரிய அறிஞர். முதல் ஆறு மாதம் அவருடைய மீசை அசைந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருநெல்வேலியில் இங்கிலீஷில் முதல் மார்க்கு வாங்கிப் போனவன் நான். என் பக்கத்தில் பட்டணத்து வக்கீல்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குத் துரைமார் வந்துபோவதுண்டு. பேராசிரியர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்த பிறகு நான் சிரிப்பேன். அந்த அரைக்கணத் தாமதம் எவ்வளவு நீளமானது என்பதை அதில் நின்றவன்தான் அறிவான். அங்கே உட்கார்ந்துதான் நான் ஒன்றைக் கற்றேன். மொழி புத்தகத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது, காதில் இல்லை. காதுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு சில வீடுகளில் மட்டும் நடக்கும்.

ஆகவே உனக்கு அந்த ஏற்பாட்டைச் செய்தேன். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு துரைசானி இருந்தாள்; தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரின் விதவை. இலக்கணம் சொல்லிக் கொடுக்க மாட்டாள். அர்த்தம் கேட்டால் அதட்டுவாள். வாசிப்பாள், அவ்வளவுதான். பங்களாவுக்குப் பின்னால் ஓடை இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, கையில் கிடைத்த எதையாவது வாசிப்பாள். பழைய செய்தித்தாள், பூவிதை விற்கிறவர்கள் அனுப்பிய அட்டவணை, முட்டை போட்டுச் செய்யும் பலகாரக் குறிப்பு. நீங்கள் கம்பளத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். சீசனுக்கு வந்த பெரிய வீட்டுப் பிள்ளைகளோடு நீயும் உட்கார்ந்தாய். அவர்களுடைய தகப்பன்மாருக்கு அது சுலபம், எனக்கு அத்தனை சுலபமில்லை, ஆனாலும் முடிந்தது. முடிந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

முதல் சில நாட்கள் நீ தூங்கிவிட்டாய். பிறகு ஒருநாள், நாம் இரண்டு பேரும் சாரலில் நனைந்துகொண்டு வண்டியை நோக்கி நடந்தபோது, நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "அப்பா, அந்தம்மா பேசுதது ஓடைத் தண்ணி மாதிரி இருக்கு. மொதல்ல ஒரே கலங்கலா ஓடுச்சு. இப்ப அடியில கெடக்குத கல்லு தெரியுத மாதிரி ஒவ்வொரு வார்த்தையாத் தெரியுது." மேகம் சாலைக்கே இறங்கி வந்திருந்தது. அருவியின் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. அந்தக் கணத்தில் நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. என் பிள்ளை சரியான நேரத்தில் சிரிப்பான் என்று எண்ணினேன். இன்று நினைத்தாலும் அந்த மகிழ்ச்சிக்காக நான் வெட்கப்படவில்லை. தாகத்தில் இருக்கும் தன் பிள்ளைக்கு எந்தத் தகப்பனும் தண்ணீர் கொண்டுவருவான். நான் உன்னை அங்கே அனுப்பியதைப் பற்றியது அல்ல இந்தக் கடிதம். அந்தத் தண்ணீருக்கு நீ இன்று வைத்திருக்கும் பெயரைப் பற்றியது.

மீரானின் வாப்பாவிடமும் நான் சொன்னேன். ஒரு வாய்தாவுக்காகக் கச்சேரிக்கு வந்திருந்தார். உம் பையனையும் துரைசானியிடம் அனுப்பும், பரீட்சைக்கு அது உதவும் என்றேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "வக்கீலய்யா, அந்த வெள்ளக்காரி சத்தம் போடுதத ஒக்காந்து கேக்கதுக்கு நான் கூலி குடுக்கணுமா? எங்க வீட்டுத் தறிச் சத்தத்த அவன் தெனம் சும்மாவே கேக்கான்லா" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேடிக்கையாகப் பேசுகிற மனிதர், மகனுடைய திறமையில் நம்பிக்கை உள்ளவர் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது. துரைசானி எவ்வளவு கேட்பாள் என்று அவர் முன்னமே விசாரித்திருக்கிறார். விசாரிக்காதவர் அவ்வளவு விரைவாகச் சிரித்திருக்க முடியாது.

பரீட்சை நாளில் மற்றத் தகப்பன்மாரோடு நானும் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். துரை வாசிக்க ஆரம்பித்தார். நல்ல குரல், தொண்டைக்குள்ளேயே உருண்டு, சொற்களின் கடைசியை விழுங்கிவிடும் குரல். எனக்கு எல்லாம் விளங்கியது. என் பக்கத்தில் இருந்த மீரானின் வாப்பா, "பேசுதாரா, இருமுதாரா?" என்று மெல்லக் கேட்டார். பிறகு உள்ளே நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். மீரான் முதல் வரி முடியும்வரை பேனாவைக் கையில் பிடித்திருந்தான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டான். உன்னைத் திரும்பிப் பார்த்தான். உன் தாளைப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தான். உனக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பியவன் போலப் பார்த்தான் என்று சொன்னாய். நீ எழுதிக்கொண்டே இருந்தாய். பத்து வயதுப் பிள்ளை, வேறு என்ன செய்வாய். அதற்காக உன்னை நான் அன்றும் கடிந்துகொள்ளவில்லை, இன்றும் கடியவில்லை.

நடுப்பகலில் சேவகன் வந்து பெயர்களை வாசித்தான். உன் பெயர் வந்தது. மீரானின் வாப்பா எழுந்துபோய்ச் சேவகனிடம், "கணக்கு எப்பம் வைப்பீக?" என்று கேட்டார்.

"பேர் வாசிச்சாச்சு, அண்ணாச்சி. பேர் வராதவங்க போவலாம்."

"அது இங்கிலீசுக்கு. நான் கேக்குதது கணக்குக்கு."

"இங்கிலீசுல பேர் வந்தவங்களுக்குத்தான் கணக்கு."

"அப்பம் எம் மவனுக்குக் கணக்கு தெரியுமா தெரியாதான்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உமக்குத் தெரியும்லா. வீட்டுக்குப் போயி அத நெனச்சுச் சந்தோசப்படும்" என்று சொல்லிவிட்டுச் சேவகன் கதவைச் சாத்தினான்.

அவர் திரும்பி வந்து தூணோரமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். "வக்கீலய்யா, நீங்களும் வாங்க. சாயங்காலம் வரைக்கும் நடக்கும்னு ரெண்டு வேளைக்குக் கட்டிக் குடுத்துட்டா. இங்க ஒரு வேளையிலயே முடிஞ்சுட்டு" என்றார். நான் அவரோடு சாப்பிட்டேன். மீரான் எதிரே உட்கார்ந்து, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே தின்றான். இந்த ஜில்லாவில் அந்த ஆண்டு அந்த வயதில் கணக்கில் அவனுக்கு நிகரான பையன் இருந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. அவன் கணக்குத் தாளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அவன் பாழாய்ப் போய்விடவில்லை. அப்படி எண்ணி நீ உருகவேண்டாம், அவனுக்கு அது பிடிக்காது. தறியில் உட்கார்ந்தான், கைலிகளோடு கொழும்புக்குப் போய்வந்தான், யுத்தத்தின்போது ஊர் திரும்பிக் கடை வைத்தான். கடந்த மாதம், உன் கடிதம் வந்த அதே வாரத்தில், அவனைப் பார்த்தேன். கடையநல்லூரில் ஒரு காரியம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். கரி பஸ் இடைகால் பக்கத்தில் மூச்சடைத்து நின்றுவிட்டது. ஓட்டுபவன் இறங்கிப் பின்னால் இருந்த அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்க, நாங்கள் புளியமரத்தடியில் நின்றோம். தூரத்தில் மலை நீலப் புகையாகக் கிடந்தது. அதே பஸ்ஸில் வந்திருந்த மீரான் என்னிடம் வந்து சலாம் சொன்னான்.

"வக்கீலய்யா, இந்த வருசம் பரீட்சைக்கு உங்க மவன்தான் வாசிக்கப் போறானாமே?"

"உனக்கு யார் சொன்னா?"

"கடையநல்லூர் பூராத் தெரியுமே. வாப்பா பள்ளிவாசல்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டுத் திரியுதாங்க. எங்க கடைக்குட்டி காசிம் எழுதுதான்லா இந்தத் தடவ. நம்ம ஊர்ப் பய வாசிக்கான், இனி நமக்கு வெளங்கும்னு வாப்பாவுக்கு ஒரே குஷி."

"காசிமுக்கு யாராச்சும் வாசிச்சுக் காட்டுதாங்களா?"

"எதுக்கு? துரை வாசிச்சாத்தான அந்தத் தொல்லை. உங்க மவன் இங்கிலீசு எங்களுக்கு வெளங்காதா? கணக்கு வராம இவன் அழுத அழுகையே எனக்கு வெளங்கும், வக்கீலய்யா." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவன் சிரிப்பில் எந்தக் கசப்பும் இல்லை. தன் சிநேகிதன் ஒரு பெரிய இடத்துக்கு வந்துவிட்டான் என்ற பெருமைதான் இருந்தது. உன் கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. பஸ் மறுபடி உறுமத் தொடங்கியது, எல்லாரும் ஏறிக்கொண்டோம்.

நான் சொல்ல வந்ததை நீ இதற்குள் ஊகித்திருப்பாய். அந்த முதியவர் இரண்டாம் முறையும் அதே நம்பிக்கையோடு பிள்ளையை அனுப்புகிறார். பரீட்சை என்பது பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது என்று நம்புகிறார். இந்த முறை அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் நீ. துரை கப்பலேறுகிறார். தேசமே மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் துரையின் குரலை மட்டும் அவர் எடுத்துப் போகவிடாமல் நீ உன் தொண்டையில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். ஆவணியில் நீ அந்தக் குரலால் வாசிப்பாய். ஆடி முழுவதும் அதே குரலை ஐந்தருவிச் சாலையில் கேட்டுப் பழகிய பையன்கள் தலைநிமிராமல் எழுதுவார்கள். காசிம் பேனாவைக் கீழே வைப்பான். எல்லாருக்கும் ஒரே குரல் என்று நீ எழுதியிருக்கிறாய். ஒரே குரல்தான். சிலருக்கு அது ஆடி மாதமே கிடைத்துவிடுகிறது.

நீ என்ன பதில் எழுதுவாய் என்பது எனக்குத் தெரியும். ஒரு வழக்கின் இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்ப்பது என் தொழில். டிக்டேஷனை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பங்கள் கணக்குக்கு வாத்தியார் வைத்துக்கொள்ளும், கணக்கையும் எடுத்துவிட்டால் வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளும் என்பாய். உண்மைதான். கையில் இருக்கிறவன் எதையாவது வாங்கிக்கொண்டுதான் இருப்பான். அதற்கு ஒரு பரீட்சையை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் வாத்தியார் வைத்துக்கொண்ட பையனும் தொட்டியை அவனேதான் நிரப்ப வேண்டும். மீரான் போன்றவனுக்கு அங்கே ஒரு வழி திறந்திருக்கிறது. குரலில் அப்படி ஒரு வழி இல்லை. கேட்டவனுக்குக் கேட்கும், கேளாதவனுக்குக் கேட்காது. அறிவு எவ்வளவு இருந்தாலும் அந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

நீங்களும் நாக்கை விற்றுத்தானே என்னைப் படிக்கவைத்தீர்கள் என்றும் கேட்பாய். ஆம். காசு கொடுக்க முடிந்தவனுக்காகத்தான் நான் வாதாடுகிறேன். எதிர்க் கூண்டில் நிற்பவன் என் இங்கிலீஷ் விளங்காமல் விழிப்பதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆனால் மகனே, காலையில் ஒரு கட்சிக்காரனுக்கு வக்கீலாக இருந்துவிட்டு, மாலையில் அதே வழக்குக்கு நானே நீதிபதியாகப் போய் உட்காருவதில்லை. அப்படி உட்கார்ந்து, இரண்டு கட்சிக்கும் நான் ஒரே நீதிபதிதானே என்று பெருமைப்பட்டுக்கொள்வதும் இல்லை. நீ செய்யத் துணிந்திருப்பது அது. அதைச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் தங்களைக் கெட்டவர்கள் என்று நினைப்பதில்லை. நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, அமைதியான முகம். தாங்கள் ஏறிவந்த ஏணியைத் தரை என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள்.

காசிமையும் அனுப்புங்கள், அவனுக்குச் சும்மாவே வாசித்துக் காட்டுகிறேன் என்று எழுதுவாய். அதை நீ மனப்பூர்வமாகவே எழுதுவாய். நீ இரக்கமுள்ளவன், உன் தாயின் பிள்ளை. ஆனால் காசிமின் அண்ணன் என்னோடு பஸ்ஸில் வந்ததால்தான் அவன் பெயர் உனக்குத் தெரிகிறது. வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பையன் வருவான். அவன் தகப்பன் வக்கீலோடு பஸ்ஸில் வரமாட்டான், நடந்து வருவான். அவனுக்குக் குற்றாலத்தில் யார் என்ன வாசித்தார்கள் என்பது கடைசிவரை தெரியாது. தன் பிள்ளைக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவான். எனக்குத் தாங்கமுடியாதது அதுதான். இடம் கிடைக்காமல் போவதையாவது ஒருவன் பொறுத்துக்கொள்ளலாம். தன் பிள்ளையைப் பற்றி ஒரு பொய்யை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி அவனைச் செய்கிறார்கள். அதற்கு நியாயம் என்று பெயரும் வைக்கிறார்கள். அந்தப் பெயரை என் மகன் கையெழுத்தில் நான் படித்தேன்.

உலகத்தைத் திருத்தும்படி உன்னை யாரும் கேட்கவில்லை. ஒரு பக்கத்தை வாசிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். அதை உன் வாயால் வாசி. நீ உன் தாயோடு பேசுகிற, மீரானோடு சண்டை போட்ட அந்த வாயிலும் இங்கிலீஷ் உண்டு; பிழையில்லாத, நிதானமான, ஒவ்வொரு சொல்லும் முழுசாக வெளியே வரும் இங்கிலீஷ். தாளில் அச்சடித்திருப்பது அதுதான். மற்றது துரையின் ஊர்க் குளிர், அவருடைய வயது, அவருடைய பல். அதையெல்லாம் எழுதிக் காட்டும்படி ஒரு கடையநல்லூர்ப் பிள்ளையைக் கேட்பதற்கு எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை. விடுமுறைக்கு இங்கே தென்காசிக்கு வா, குற்றாலத்து அருவியில் குளி, உன் தாய் கையால் சாப்பிடு. யாருக்கும் எதையும் வாசித்துக் காட்டாதே. பள்ளிக்காரர்கள் மாட்டோம் என்றால், துரையின் குரலில்தான் வாசிக்க வேண்டும் என்றால், அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கச் சொல். உத்தியோகத்துக்கு ஆபத்து வரும் என்று உன் மாமனார் வீட்டில் சொல்வார்கள். வரலாம். வந்தால் ஐந்தருவிச் சாலை வீடு உனக்கு அப்போது உண்டு.

இந்தச் சாரலில் மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் எனக்குத் தன்னால் கண் சொக்கிவிடுகிறது. ஐம்பத்தைந்து வயதுக்கு அது சகஜம் என்கிறார்கள். அந்தத் தூக்கத்தில் இப்போது சில நாட்களாக ஒரே கனவு வருகிறது. பரீட்சைக் கூடம். ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை, வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருக்கிறது. நான் அந்தப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் கால் தரையில் எட்டவில்லை. மையில் தோய்த்த பேனா என் கையிலும் இருக்கிறது. ஒரு பக்கம் நல்ல சட்டை போட்ட பையன், மறுபக்கம் குல்லாய் போட்ட ஒரு பையன். நீ மேடையில் ஏறுகிறாய். என்னை உனக்கு அடையாளம் தெரியவில்லை. புத்தகத்தை விரித்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வாயைத் திறக்கிறாய்.

ஒவ்வொரு நாளும் நான் அந்த இடத்தில் விழித்துக்கொள்கிறேன். மீதியை நீதான் வாசிக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் தகப்பன்